செரோட்டோனின் மாத்திரை ஒன்று போதாதா? அண்ணனுக்கு இரண்டாவது மருந்து சேர்த்திருக்கிறார்கள்

கோடம்பாக்கம் கயல் | திங்கள், இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். அண்ணனுக்கு மனச்சோர்வு. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் மேற்பார்வையாளராக இருந்தவர், வேலைக்குப் போவதையே நிறுத்திவிட்டார். தட்டில் வைத்த இட்லியில் பாதியைப் பிய்த்துப் பிசைந்துவிட்டு எழுந்துவிடுகிறார். இரவு மூன்று மணிக்கு மொட்டை மாடியில் அவர் நடக்கும் சத்தம் கேட்கிறது. அம்மா படுக்காமல் படிக்கட்டிலேயே உட்கார்ந்திருக்கிறார்.

மனநல மருத்துவர் எஸ்சிடலோபிராம் 10 மில்லிகிராம் கொடுத்தார், பிறகு 20 ஆக்கினார். அழுகை நின்றது, பதற்றமும் குறைந்தது. தூக்கமும் பசியும் மட்டும் திரும்பவில்லை. சென்ற வாரம் இரவு வேளைக்கு மிர்டாசபின் 15 சேர்த்திருக்கிறார். அன்று மருத்துவமனையில் நல்ல கூட்டம். இவ்வளவு கேள்வி கேட்க நேரம் கிடைக்கவில்லை.

இணையத்தில் தேடினால் இரண்டுமே செரோட்டோனினைக் கூட்டும் என்றுதான் போட்டிருக்கிறது. எங்கள் சித்தப்பா, "ஒரே வேலைக்கு எதற்கு இரண்டு மாத்திரை? செரோட்டோனின் கதையே பொய் என்று செய்தியில் வந்துவிட்டது, எல்லாவற்றையும் நிறுத்து" என்கிறார். அண்ணனும் அதைக் கேட்டுத் தயங்குகிறார். நான் அறிவியல் படித்தவள் அல்ல. இருந்தாலும் மேலோட்டமாகச் சொல்ல வேண்டாம். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால்தான் வீட்டில் என்னால் பேச முடியும்.

பெரம்பூர் மருந்தாளுநர் | திங்கள், இரவு 10.15

விளக்கம் தெரிந்தவர்கள் வந்து சொல்வார்கள். அதற்கு முன்னால் ஒன்று: 20 மில்லிகிராமைச் சட்டென்று நிறுத்தவே கூடாது. நிறுத்தினால் தலைசுற்றல், குமட்டல், எரிச்சல், தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற அதிர்வு எல்லாம் வரும். நோய் முற்றிவிட்டது என்று வீட்டில் பயந்துபோவார்கள். கடையில் தினமும் பார்க்கிறேன். அட்டையில் பாதியை மட்டும் வாங்கிப் போகிறவர்கள் அடுத்த வாரம் தலையைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்கிறார்கள். சித்தப்பாவிடம் இதை மட்டுமாவது இன்றே சொல்லிவிடுங்கள்.

அடையாறு ஆலமரம் | செவ்வாய், காலை 6.10

கயல் அம்மா, நான் மருத்துவக் கல்லூரியில் மருந்தியல் நடத்தி ஓய்வு பெற்றவன். மனநல மருத்துவர் அல்ல. ஆகவே உங்கள் அண்ணனுக்கு எது சரி என்று தீர்ப்புச் சொல்ல மாட்டேன். இந்த இரண்டு மருந்துகளும் மூளையில் எங்கே கை வைக்கின்றன என்பதைச் சொல்கிறேன்.

செரோட்டோனின் என்பது நரம்புச் செல்களுக்கு இடையே செய்தி கொண்டுபோகும் ஒரு தூதர். எஸ்சிடலோபிராம் அதை உண்டாக்குவதில்லை. ஒரு நரம்புச் செல் செரோட்டோனினை வெளியே விடுகிறது. அது அடுத்த செல்லின் ஏற்பியைத் தொட்டுச் செய்தியைச் சேர்க்கிறது. பிறகு வெளியிட்ட செல்லே அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. உறிஞ்சுவதற்கென்று செல்லின் சவ்வில் ஒரு புரதம் உண்டு. மருந்து அடைப்பது அந்தப் புரதத்தைத்தான். வழக்கமான அளவிலேயே அவற்றில் ஏறத்தாழ 80 சதவீதம் அடைபட்டுவிடுவதை மூளை ஸ்கேனில் அளந்திருக்கிறார்கள். இந்த அடைப்பு முதல் மாத்திரை போட்ட சில மணி நேரத்திலேயே தொடங்கிவிடும். அப்படியிருக்க, மனம் தெளிய ஏன் வாரக்கணக்கில் ஆகிறது? நான் வகுப்பில் இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுத்தான் பாடத்தையே தொடங்குவேன்.

செரோட்டோனின் செல்கள் மூளைத்தண்டின் நடுக்கோட்டில், ராஃபே என்ற தொகுதியில் இருக்கின்றன. மொத்தமே சில லட்சம்தான். ஆனால் அவற்றின் இழைகள் மூளை முழுவதும் ஓடுகின்றன. அந்தச் செல்களின் உடலிலேயே '1ஏ' என்ற வகை ஏற்பி இருக்கிறது. சுற்றிலும் செரோட்டோனின் ஏறினால் அதை உணர்ந்து, செல்லின் துடிப்பைக் குறைப்பது அதன் வேலை. மாத்திரை தொடங்கிய முதல் நாட்களில் நடப்பது இதுதான்: மருந்து ஒரு பக்கம் செரோட்டோனினைத் தேக்குகிறது, செல் மறுபக்கம் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. இரண்டு மூன்று வாரம் விடாமல் மருந்து சென்ற பிறகு அந்த ஏற்பிகள் மரத்துப்போகின்றன. செல் பழைய வேகத்திற்குத் திரும்புகிறது, உறிஞ்சும் வழியோ இன்னும் அடைபட்டே இருக்கிறது. அப்போதுதான் இழை முனைகளில் செரோட்டோனின் உண்மையாகவே உயர்கிறது. கனடாவின் மாண்ட்ரியாலில் பியர் பிளியே, கிளாட் டி மோன்டினி இருவரும் எலிகளின் மூளையில் மின்முனை வைத்து இதைப் படிப்படியாகப் பதிவு செய்தார்கள்.

இனி இரண்டாவது மருந்து. மூளைத்தண்டில் லோகஸ் செருலியஸ் என்று இன்னொரு தொகுதி உண்டு. இரண்டு பக்கமும் சேர்த்துச் சுமார் 50,000 செல்கள். நார்அட்ரினலின் என்ற இன்னொரு தூதரை அனுப்புவது இதுதான். இந்த இரண்டு தொகுதிகளும் ஒன்றையொன்று விடாமல் கவனித்துக்கொண்டிருக்கின்றன. நார்அட்ரினலின், ராஃபே செல்களின் உடலில் ஆல்ஃபா 1 ஏற்பி வழியாக அவற்றைத் தூண்டுகிறது. அதே நார்அட்ரினலின், செரோட்டோனின் இழைகளின் முனையில் ஆல்ஃபா 2 ஏற்பி வழியாக வெளியீட்டை அடக்குகிறது. ஒரே தூதர், இடத்துக்கு ஏற்ப இரண்டு வேலை.

மிர்டாசபின் அடைப்பது ஆல்ஃபா 2 ஏற்பியை. நார்அட்ரினலின் செல்கள் தங்களைத் தாங்களே அடக்கிக்கொள்ளும் ஏற்பியும் அதே வகைதான். ஆகவே நார்அட்ரினலின் கூடுகிறது, அது ராஃபே செல்களைத் தூண்டுகிறது, செரோட்டோனின் முனைகளில் இருந்த தடையும் விலகுகிறது. உங்கள் சித்தப்பா சொல்வதுபோல ஒரே வேலைக்கு இரண்டு மாத்திரை அல்ல. ஒன்று உறிஞ்சும் வழியை அடைக்கிறது, மற்றொன்று வெளியிடும் வழியைத் திறந்துவிடுகிறது.

இன்னும் ஒன்று இருக்கிறது, உங்கள் அண்ணனுக்கு அதுதான் முக்கியமாக இருந்திருக்கும் என்பது என் ஊகம். மிர்டாசபின் செரோட்டோனினின் 2ஏ, 2சி, 3 வகை ஏற்பிகளையும் ஹிஸ்டமின் என்ற வேறொரு தூதரின் எச்1 ஏற்பியையும் அடைக்கும். எச்1 அடைபட்டால் தூக்கம் வரும். எச்1, 2சி இரண்டும் அடைபட்டால் பசி எடுக்கும். 3 அடைபட்டால் குமட்டல் அடங்கும். மூன்று மணிக்கு மாடியில் நடப்பவருக்கும் இட்லியைப் பிசைந்துவிட்டு எழுபவருக்கும் இதை இரவில் எழுதியது வெறும் கூட்டல் கணக்கு அல்ல.

கேள்விக்குறி | செவ்வாய், காலை 11.25

//செரோட்டோனின் உண்மையாகவே உயர்கிறது//

ஐயா, விளக்கம் தெளிவாக இருக்கிறது. ஆனால் அஸ்திவாரமே ஆட்டம் கண்டிருக்கும்போது மாடி மேல் மாடி கட்டுவானேன்? 2022இல் லண்டனில் ஜோனா மான்கிரீஃப் குழுவினர் 'மாலிக்யூலர் சைக்கியாட்ரி' இதழில், அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்து, மனச்சோர்வுக்கு செரோட்டோனின் குறைவுதான் காரணம் என்பதற்கு நிலையான சான்று இல்லை என்று எழுதினார்கள். எத்தனையோ ஆண்டுகளாக மக்களிடம் "உங்கள் மூளையில் ரசாயனம் குறைந்துவிட்டது" என்று சொல்லித்தானே மாத்திரை கொடுத்தார்கள்? அந்தச் சித்தப்பா சொல்வதில் ஓரளவு நியாயம் இருக்கிறது. நான் விதண்டாவாதம் செய்யவில்லை. என் நெருங்கிய நண்பருக்காக இதையெல்லாம் படிக்கத் தொடங்கினேன்.

அடையாறு ஆலமரம் | செவ்வாய், மாலை 5.50

தம்பி, அந்தக் கட்டுரையின் அடிப்படை முடிவை நான் மறுக்கவில்லை. செரோட்டோனின் குறைவே நோய் என்ற வாய்பாட்டை நான் வகுப்பில் சொல்லிக்கொடுத்ததும் இல்லை. அந்த வாய்பாடு எப்படிப் பிறந்தது என்று பார்த்தால் ஏன் நிற்கவில்லை என்பதும் புரியும்.

1952இல் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் உள்ள சீ வியூ மருத்துவமனையில் காசநோயாளிகளுக்கு ஐப்ரோனியசிட் என்ற புது மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். படுக்கையில் கிடந்தவர்களுக்குப் பசி எடுத்தது, முகம் மலர்ந்தது, வார்டில் கலகலப்பு வந்தது. அதன் நெருங்கிய உறவான ஐசோனியசிட் நம் சென்னைக்கு நன்றாகவே தெரிந்த மருந்து. 1956இல் இங்கே தொடங்கிய காசநோய் மருந்தாய்வு மையம், நோயாளியை வீட்டில் வைத்தே மருந்து கொடுத்துக் குணப்படுத்தலாம் என்று உலகுக்குக் காட்டியது அதை வைத்துத்தான். இன்று அது சேத்துப்பட்டில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருக்கிறது. ஐப்ரோனியசிட்டின் கதை வேறு பக்கம் திரும்பியது. செரோட்டோனின், நார்அட்ரினலின், டோபமின் என்ற மூன்று தூதர்களையும் சிதைக்கும் மோனோஅமைன் ஆக்சிடேஸ் என்ற நொதியை அது முடக்குகிறது என்று கண்டார்கள். 1957இல் அது மனச்சோர்வு மருந்தாக அறிமுகமாயிற்று.

எதிர்த்திசையில் இன்னொரு சான்றும் வந்தது, அதுவும் நம் மண்ணிலிருந்து. சர்ப்பகந்தி என்ற மூலிகையை இரத்த அழுத்தத்துக்குக் கொடுத்துப் பார்த்து, பம்பாயின் டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949இல் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் எழுதினார். 1952இல் சுவிட்சர்லாந்தில் அதிலிருந்து ரெசர்பின் பிரித்தெடுக்கப்பட்டது. அதை உட்கொண்டவர்களில் சிலர் சோர்ந்து முடங்கிப்போனார்கள். ரெசர்பின் இந்த மூன்று தூதர்களையும் சேமிப்புப் பைகளில் தங்கவிடாமல் தீர்த்துவிடுகிறது. தீர்ந்தால் சோர்வு, தேங்கினால் மலர்ச்சி என்று கணக்குப் போட்டார்கள். 1965இல் அமெரிக்காவின் ஷில்ட்கிராட் நார்அட்ரினலின் குறைவு என்றார், 1967இல் இங்கிலாந்தின் காப்பன் செரோட்டோனின் பக்கம் நின்றார். இருவரும் மருந்திலிருந்து நோயைப் பின்னோக்கி ஊகித்தவர்கள். ஊகம் ஆராய்ச்சிக்கு உதவியது. அதை முடிந்த முடிவாக விளம்பரத்தில் போட்டதுதான் தவறு.

ஆனால், மருந்தின் செயலுக்கும் செரோட்டோனினுக்கும் தொடர்பே இல்லை என்று அங்கிருந்து தாவிவிடக் கூடாது. 1990 வாக்கில் யேல் பல்கலைக்கழகத்தில் டெல்காடோவும் அவர் குழுவினரும் செய்த ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். செரோட்டோனினுக்கு மூலப்பொருளான டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலம் இல்லாத பானத்தைக் கொடுத்து, சில மணி நேரத்துக்கு மூளையில் செரோட்டோனின் உற்பத்தியைக் குறைத்தார்கள். செரோட்டோனின் வகை மருந்தால் குணமடைந்திருந்தவர்களில் பலருக்கு நோய் அன்றே திரும்பியது. நார்அட்ரினலின் வழியாக வேலை செய்யும் டெசிப்ரமினால் குணமடைந்தவர்களில் பெரும்பாலோர் அசையவில்லை. பிறகு தலைகீழாக நார்அட்ரினலின் உற்பத்தியைக் குறைத்தபோது டெசிப்ரமின்காரர்கள் சரிந்தார்கள், மற்றவர்கள் நின்றார்கள். நோயே இல்லாதவர்களிடம் இதே பானம் பெரிய மாற்றம் எதையும் செய்யவில்லை. மருந்தே எடுக்காத நோயாளிகளையும் அது மோசமாக்கவில்லை.

எனக்கு இதைவிட அருமையான ஆய்வு இந்தத் துறையில் இல்லை. நோய் எங்கே தொடங்கியது என்பது வேறு, நலம் எந்த வழியாக வந்தது என்பது வேறு. வழிகள் ஒன்றுக்கு மேற்பட்டவை இருக்கின்றன என்பதும் அதிலேயே தெரிகிறது.

மீண்டவன் | செவ்வாய், இரவு 11.05

கயல் சகோதரி, உங்கள் அண்ணன் இருக்கும் இடத்தில் நானும் இருந்தவன். தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் தினமும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஒரு கட்டத்தில் நடைமேடையின் ஓரத்தில் நிற்கவே அஞ்சினேன். அந்த அச்சத்தை எடுத்தது எஸ்சிடலோபிராம்தான். அதற்கு என்றும் நன்றியுடையவன்.

ஆனால் சில மாதங்களில் வேறொன்று வந்தது. சோகமும் இல்லை, சந்தோஷமும் இல்லை. தங்கையின் திருமணத்தில் நாதஸ்வரம் உச்சத்தில் போகிறது, எல்லோர் கண்ணிலும் நீர், எனக்கு எதுவுமே ஏறவில்லை. மனைவியுடனான நெருக்கத்திலும் ஆர்வம் போய்விட்டது. கேட்கக் கூச்சமாக இருந்தாலும் கேட்கிறேன், இதை யாரும் பேசுவதில்லை. இதுவும் அந்தத் தூதர்களின் விளையாட்டா? நான் கடைசியில் மருத்துவரிடம் சொன்ன பிறகு புப்ரோபியானுக்கு மாற்றினார். மெல்ல மெல்லச் சரியாயிற்று.

அடையாறு ஆலமரம் | புதன், காலை 6.30

மீண்டவன், கூச்சப்படாமல் எழுதியதற்கு நன்றி. நீங்கள் கேட்டது இந்த இழையின் மையக் கேள்வி.

ஆர்வம், நாட்டம், ஒன்றை எதிர்பார்த்துக் காத்திருக்கும் மகிழ்ச்சி ஆகியவற்றில் டோபமினுக்குப் பெரிய பங்கு உண்டு. நடுமூளையில் உள்ள டோபமின் செல்களை செரோட்டோனின், தன் 2சி ஏற்பி வழியாக அடக்கிவைக்கிறது. எஸ்சிடலோபிராம் வாரக்கணக்கில் கொடுத்த எலிகளில் டோபமின் செல்களின் துடிப்பும் நார்அட்ரினலின் செல்களின் துடிப்பும் குறைந்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். நீங்கள் சொன்ன மரத்த நிலைக்கும் தாம்பத்தியக் குறைபாட்டுக்கும் இது ஒரு காரணமாக இருக்கலாம் என்று பலர் கருதுகிறார்கள். மனிதரில் இன்னும் முழுதாக நிறுவப்பட்டதல்ல. அச்சத்தை அடக்கும் அதே கை ஆசையையும் அடக்கிவிடுகிறது என்பதை நோயாளிகள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். நாம்தான் காது கொடுத்துக் கேட்கவில்லை.

புப்ரோபியான் டோபமின், நார்அட்ரினலின் இரண்டையும் திரும்ப உறிஞ்சும் வழியை அடைப்பது. செரோட்டோனினை அது அடைப்பதில்லை. அதனால் இந்தக் குறை அதில் அரிது. வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு ஆகாது.

இங்கே இன்னொரு நுட்பம் உண்டு. மூளையின் முன்பகுதியில் டோபமினை உறிஞ்சுவதற்கான புரதம் மிகக் குறைவு. அங்கே டோபமினை அகற்றுவது பெரும்பாலும் நார்அட்ரினலினுக்கான புரதமே. ஆகவே நார்அட்ரினலின் வழியை அடைத்தால் அந்த இடத்தில் டோபமினும் சேர்ந்து உயர்கிறது. அட்டையில் ஒரு தூதரின் பெயர்தான் இருக்கும், மாறுவது மூன்றும்.

மயிலை மீனா | புதன், பிற்பகல் 2.20

மூளையைத் தாண்டியும் இது போகிறது என்பதை யாராவது எழுதுவார்கள் என்று பார்த்தேன். அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல். அப்பா போன பிறகு மனச்சோர்வுக்கு எஸ்சிடலோபிராம் தொடங்கினோம். இரத்த அழுத்தத்துக்கு ஏற்கெனவே ஹைட்ரோகுளோரோதயசைடு கலந்த மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தார். சில வாரத்தில் நடை தள்ளாடியது. தெற்கு மாட வீதியில் பல வருடமாக வெற்றிலை வாங்கும் கடைக்கு வழி கேட்டார். வயதாகிறது, மறதி என்று நாங்களே முடிவு கட்டியிருந்தோம். முதலில் பார்த்த மருத்துவமனையிலும் அப்படித்தான் சொன்னார்கள். வேறொரு இடத்தில் ஒரு பயிற்சி மருத்துவர்தான் சோடியம் பார்க்கச் சொன்னார். 121. இருக்க வேண்டியது 135க்கு மேல். இரண்டு மாத்திரைகளையும் மாற்றியபின் அம்மா பழைய அம்மாவாகிவிட்டார். இப்போது மிர்டாசபின் மட்டும் எடுத்துக்கொள்கிறார், நிம்மதியாக இருக்கிறார்.

வீட்டில் பெரியவர்களுக்கு இந்த வகை மாத்திரை தொடங்கினால் சில வாரத்துக்குள் சோடியம் பார்த்துவிடுங்கள். செலவு அதிகமில்லாத இரத்தப் பரிசோதனை.

அடையாறு ஆலமரம் | புதன், மாலை 4.00

மீனா அம்மா சொல்வது மிகச் சரி. செரோட்டோனின், சிறுநீரைக் கட்டுப்படுத்தும் வாசோபிரசின் என்ற ஹார்மோனைத் தூண்டுகிறது. உடலில் நீர் தேங்கி சோடியம் நீர்த்துப்போகிறது. தயசைடு வகை மாத்திரையும் சேர்ந்தால் ஆபத்து கூடும். மிர்டாசபினில் இது குறைவு, அறவே இல்லை என்று சொல்ல முடியாது.

பெரம்பூர் மருந்தாளுநர் | புதன், இரவு 9.30

இப்போதுதான் கடையைச் சாத்தினேன். உடம்பில் உள்ள செரோட்டோனினில் 90 சதவீதத்துக்கு மேல் குடலில்தான் இருக்கிறது. மாத்திரை தொடங்கிய முதல் வாரம் குமட்டலும் வயிற்றுப்போக்கும் வருவது அதனால்தான். சாப்பிட்ட பிறகு போட்டால் பெரும்பாலும் தாங்கும், ஒன்றிரண்டு வாரத்தில் அடங்கும். இரத்தத்தட்டுகளும் செரோட்டோனினை உறிஞ்சி வைத்துக்கொண்டுதான் இரத்தத்தை உறையவைக்க உதவுகின்றன. அந்த வழியையும் இந்த மாத்திரை அடைக்கிறது. மூட்டுவலிக்கு டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் என்று கூடவே போட்டால் வயிற்றில் இரத்தக் கசிவு ஏற்படும் வாய்ப்பு கூடுகிறது.

எனக்குப் பெரிய கவலை டிரமடால். முதுகுவலி என்று வந்து கேட்பார்கள். மனநல மாத்திரை சாப்பிடுவதைப் பக்கத்தில் நிற்பவர் காதில் விழக் கூடாது என்று சொல்லாமல் விடுவார்கள். டிரமடாலும் செரோட்டோனினைக் கூட்டும். வறட்டு இருமல் மருந்தில் உள்ள டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபானும் அப்படியே. மருந்துக்கு அடங்காத காசநோய்க்கு இப்போது கொடுக்கும் லினசோலிட், ஐயா சொன்ன அதே நொதியை லேசாக முடக்கும். இவற்றோடு சேர்ந்து செரோட்டோனின் அளவு மீறினால் கை கால் உதறல், வியர்வை, காய்ச்சல், பரபரப்பு, குழப்பம் வரும். அது அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓட வேண்டிய நிலை. எந்த மருத்துவரிடம் போனாலும், பல் மருத்துவரிடம் போனாலும்கூட, எடுத்துக்கொள்ளும் மாத்திரைச் சீட்டைக் கையில் கொண்டுபோங்கள். வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால் சீட்டை நீட்டுங்கள், போதும்.

கேள்விக்குறி | வியாழன், காலை 10.40

யேல் ஆய்வை நேற்று தேடிப் படித்தேன். ஐயா சொன்னது என் பார்வையை மாற்றியிருக்கிறது. ஆனாலும் ஒன்று. எலியில் ஏற்பி அடைபடுவதும் மனிதர் குணமாவதும் ஒன்றல்ல. 2018இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த 'மிர்' ஆய்வில், முதல் மருந்து பலிக்காத 480 பேரில் ஒரு சாராருக்கு மிர்டாசபினும் மறு சாராருக்கு வெற்று மாத்திரையும் சேர்த்தார்கள். 12 வாரத்தில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. கயலின் அண்ணன் விஷயத்தில் இது நேரடியாகப் பொருந்துகிறதே?

அடையாறு ஆலமரம் | வியாழன், மாலை 6.45

பொருந்துகிறது, மறைக்க வேண்டியதில்லை. அந்த ஆய்வு பொது மருத்துவர்களிடம் வந்தவர்களைக் கொண்டு நடத்தப்பட்டது. அந்தச் சூழலில் யாருக்கும் எந்திரம்போல மிர்டாசபினைச் சேர்க்காதீர்கள் என்று அது சொல்கிறது, நான் ஏற்கிறேன். இன்னொரு பக்கம், 2022இல் ஜாமா சைக்கியாட்ரியில் வந்த தொகுப்பாய்வு, உறிஞ்சலை அடைக்கும் மருந்தோடு ஆல்ஃபா 2 அடைப்பான் ஒன்றைச் சேர்ப்பது ஒற்றை மருந்தைவிடச் சராசரியில் மேல் என்று கண்டது. புப்ரோபியான் சேர்க்கைக்கு அப்படிப்பட்ட ஆதாயம் தெரியவில்லை என்பதையும் அதே தொகுப்பு சொன்னது. மீண்டவனுக்கோ புப்ரோபியான் கைகொடுத்தது. சராசரிக்குள் தனி மனிதர் அடங்கிவிடுவதில்லை. தூக்கமும் பசியும் போனவரையும், நாள் முழுக்கத் தூங்கி எடை ஏறியவரையும் ஒரே நோயாளியாகக் கூட்டிப் பார்க்கும் எந்த ஆய்விலும் இந்த இடர்ப்பாடு இருக்கும்.

மருந்தே வீண் என்று யாராவது சொன்னால் அதையும் நான் ஏற்க மாட்டேன். 2018இல் லான்செட்டில் சிப்ரியானி குழுவினர் 522 ஆய்வுகளை, 1,16,477 பேரை, 21 மருந்துகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். இருபத்தொன்றும் வெற்று மாத்திரையைவிட மேலாக இருந்தன. மேன்மை மிதமானது. மிதமானது என்றாலும் மாடியில் நடப்பவர் ஒருவர் கீழே இறங்கிவந்து தூங்கினால் அந்தக் குடும்பத்துக்கு அது சிறிய விஷயமல்ல.

இன்னும் இரண்டு தூதர்களைப் பேசாமல் விட்டுவிட்டோம். மூளையில் பெரும்பான்மையான பேச்சு, தூண்டுகிற குளூட்டமேட்டுக்கும் அடக்குகிற காபாவுக்கும் இடையில்தான் நடக்கிறது. முதல் சில வாரங்களுக்கு மருத்துவர்கள் குளோனசெபாம் சேர்த்து எழுதுகிறார்களே, அது காபாவின் செயலைக் கூட்டிப் பதற்றத்தை உடனே தணிப்பதற்காக. பழக்கமாகிவிடும் என்பதால் சொன்ன காலத்துக்கு மேல் தொடரக் கூடாது. 2000இல் யேலிலிருந்தே வந்த சிறிய ஆய்வொன்றில், குளூட்டமேட்டின் ஒரு வகை ஏற்பியை அடைக்கும் கெட்டமின் ஊசி சில நாட்களுக்குள், சிலருக்குச் சில மணி நேரத்திலேயே, மனச்சோர்வைத் தணித்தது. 2019இல் அதன் நெருங்கிய வடிவமான எஸ்கெட்டமின் மூக்கில் தெளிக்கும் மருந்தாக அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மருத்துவமனையில் இரண்டு மணி நேரம் கண்காணிப்பில் வைத்துத்தான் கொடுக்க வேண்டும்.

கெட்டமின் இவ்வளவு வேகம், பழைய மருந்துகள் இவ்வளவு மெதுவாக. ஆனாலும் இரண்டும் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு என்று பலர் கருதுகிறார்கள். பி.டி.என்.எஃப். என்ற வளர்ச்சிப் புரதம் நரம்புச் செல்கள் புது இணைப்புகளை உண்டாக்க உதவுகிறது. 2021இல் பின்லாந்தின் காஸ்ட்ரேன் குழுவினர், ஃப்ளூவாக்செட்டினும் இமிப்ரமினும் கெட்டமினும் அந்தப் புரதத்தின் ஏற்பியிலேயே நேரடியாக ஒட்டுகின்றன என்று காட்டினார்கள். இது நிலைத்தால் மாத்திரை மனதை மாற்றுவதில்லை, மாறக்கூடியதாக ஆக்குகிறது என்று பொருள். அந்தச் சமயத்தில் நல்ல உளவியல் ஆலோசனையும் நடையும் மனிதர்களின் துணையும் கிடைக்க வேண்டும். மாத்திரையை மட்டும் எழுதி அனுப்புவது எனக்கு உடன்பாடில்லை.

நெறியாளர் | வியாழன், இரவு 8.00

இழை அருமையாகப் போகிறது. படிப்பவர்களில் யாருக்காவது உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416ஐ அழையுங்கள், எந்த நேரமும் தமிழில் பேசலாம். கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையின் புறநோயாளர் பிரிவில் ஆலோசனையும் மாத்திரையும் கட்டணமில்லாமல் கிடைக்கும். 25 வயதுக்கு உட்பட்டவர்கள் இந்த மருந்துகளைத் தொடங்கும் முதல் வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே எச்சரிக்கை அச்சிட வைத்திருக்கிறது. வீட்டில் ஒருவர் அருகில் இருங்கள்.

கோடம்பாக்கம் கயல் | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, பகல் 12.30

எல்லோருக்கும் நன்றி. இழையை அப்படியே அச்சிட்டுச் சித்தப்பாவிடம் கொடுத்தேன். பென்சிலால் கோடு போட்டுப் படித்தார். இப்போது மாத்திரைக்கு நேரம் ஆனால் அவரே தொலைபேசியில் கூப்பிட்டு நினைவுபடுத்துகிறார்.

அண்ணன் இரவு பதினொன்றுக்குப் படுத்தால் ஆறு மணி வரை தூங்குகிறார். நேற்று வத்தக்குழம்பு இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். காலையில் மட்டும் கொஞ்சம் மந்தமாக இருக்கிறது. எடையும் ஏறத் தொடங்கியிருக்கிறது. மருத்துவர், எடையைக் குறித்துவைக்கவும் சாயங்காலம் நடக்கவும் சொன்னார். முன்பு எப்போதாவது தூக்கமே வேண்டாதபடி உற்சாகம் பொங்கி, கண்டபடி செலவு செய்த காலம் உண்டா என்று விசாரித்தார். இல்லை என்றோம். அது ஏன் என்று புரியவில்லை. சித்தப்பாவின் புதுக் கேள்வி: எப்போது நிறுத்தலாம்?

அடையாறு ஆலமரம் | ஞாயிறு, மாலை 5.15

மகிழ்ச்சி, அம்மா. அந்த விசாரிப்பு இருதுருவக் கோளாறு இருக்கிறதா என்று அறிவதற்கு. அது இருந்தால் இந்த மருந்துகள் தனியாகச் சென்று மனத்தை மறுபக்கம் அளவுக்கு மீறித் தூக்கிவிடலாம். உங்கள் மருத்துவர் கவனமானவர்.

முதல் முறை வந்த நோய் என்றால், முழுதாகக் குணமான பின்னும் குறைந்தது ஆறு மாதம் தொடர்வது வழக்கம். திரும்பத் திரும்ப வந்தால் இன்னும் நீளும். நிறுத்தும்போது ஒரு கணக்கை மனதில் வையுங்கள். நான் சொன்ன அந்த உறிஞ்சும் புரதத்தின் அடைப்பு, மாத்திரையின் அளவோடு நேர்கோட்டில் இறங்குவதில்லை. 20லிருந்து 10 ஆக்கினால் அடைப்பு கொஞ்சம்தான் குறையும். 5லிருந்து பூஜ்யம் ஆக்கும்போதுதான் செங்குத்தாகச் சரியும். அதனால் கடைசிப் படிகள் மிகச் சிறியவையாகவும் இடைவெளி நீண்டதாகவும் இருக்க வேண்டும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுவது இந்த மருந்துக்கு ஆகாது, அளவு ஏறி இறங்கும்.

பெரம்பூர் மருந்தாளுநர் | ஞாயிறு, இரவு 9.50

எஸ்சிடலோபிராம் 5 மில்லிகிராமிலும் வருகிறது. அந்தக் கட்டம் வரும்போது 10ஐ வாங்கி பிளேடால் நறுக்க வேண்டாம், துண்டுகள் சமமாக விழுவதில்லை. சீட்டிலேயே 5 என்று எழுதித் தரக் கேளுங்கள். கடையில் இருப்பு இல்லை என்றால் ஒரு நாள் முன்னதாகச் சொன்னால் வரவழைத்துக் கொடுப்பார்கள்.